லாப்ஸ் ஆன பாலிசியை ரிவைவல் பண்ணும்போது சர்க்கரை, பிரஷரைச் சொல்லணுமா?

தேவனாம்பட்டினம்காரன் (கேள்வி):

வணக்கம். மச்சானுக்காகக் கேட்கிறேன். வயது 44, ஃபைபர் படகு வைத்துத் தொழில் பண்றார். 10 லட்சத்துக்கு எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது), 20 வருடம், அரையாண்டு பிரீமியம். 2019 மார்ச்சில் ஆரம்பித்து ஒழுங்காக 9 தவணை கட்டியிருக்கிறார். 2023 செப்டம்பர் தவணையிலிருந்து நின்றுபோச்சு.

2024 கடைசியில் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது தெரிந்தது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், அம்லோடிபின் 5 ஒன்று. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது. கடைசி ஹெச்பிஏ1சி (சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரி) 7.4. வேறு தொந்தரவு இல்லை.

இப்போ பாலிசியை உயிர்ப்பிக்கலாம் என்று பார்த்தால், ஏஜென்ட் "எல்லாத்துக்கும் 'இல்லை'னு போட்டுடலாம், ஆரம்பிச்சு மூணு வருஷம் தாண்டிடுச்சு, இனி யாரும் கேள்வி கேட்க முடியாது" என்கிறார். இது சரியா? உண்மையை எழுதினால் ரிவைவலே கொடுக்க மாட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மஞ்சக்குப்பம் மணி:

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பல குடும்பம் மாட்டிக்கொள்கிறது.

1938 இன்சூரன்ஸ் சட்டத்தில் பிரிவு 45 என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்பது அதில்தான் வருகிறது. 2015 திருத்தத்துக்கு முன்னால் அது இரண்டு வருடம். ஆனால் அந்த மூன்று வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பாலிசி கொடுத்த நாள், ரிஸ்க் ஆரம்பித்த நாள், ரிவைவல் ஆன நாள், ரைடர் (கூடுதல் பலன்) சேர்த்த நாள், இந்த நாலில் எது கடைசியோ அதிலிருந்து. ஆக உங்கள் மச்சான் இன்று புதுப்பித்தால் கடிகாரம் இன்றிலிருந்து புதிதாக ஓடும். 2019 கணக்கு அதோடு போச்சு.

அதற்குள் ஏதாவது ஆனால் கம்பெனி அதை "ஆரம்பகாலக் கிளெய்ம்" என்று எடுத்து விசாரிக்கும். கடைசியாகப் பார்த்த டாக்டர் நிரப்பும் படிவம் பி, ஆஸ்பத்திரி நிரப்பும் பி1 இரண்டும் கேட்பார்கள். அதில் 'இந்த நோய் எத்தனை காலமாக இருந்தது' என்று ஒரு கேள்வி இருக்கும். சேர்க்கும்போது வீட்டுக்காரம்மா டூட்டி டாக்டரிடம் "ரெண்டு வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடறாருங்க" என்று சொல்லியிருப்பார். அது கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும். கிளெய்ம் விழுவது பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில்தான். மச்சானுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு வேறு இருக்கிறது. மறைக்க முடியாத ஒன்றை மறைக்கச் சொல்கிறார் உங்கள் ஏஜென்ட்.

இன்னொன்று. கம்பெனி இதை 'மோசடி' என்று எழுதினால், மோசடி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, ஆள் உயிரோடு இல்லாத பட்சத்தில், பணம் வாங்க வேண்டியவர் தலையில்தான் விழும். அதாவது உங்கள் அக்காவோ தங்கையோ நிரூபிக்கணும். மோசடி இல்லை, வெறும் தகவல் மறைப்பு என்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான்.

சரி, சொன்னால் என்ன ஆகும்? 44 வயது, 7.4, மாத்திரையில் கட்டுப்பாடு, இன்சுலின் இல்லை, கிட்னியும் கண்ணும் நன்றாக இருக்கிறது என்றால் இது கதவைச் சாத்துகிற கேஸ் இல்லை. பழைய பிரீமியத்திலேயே ஏற்கலாம். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூடுதல் பிரீமியம், அதாவது 'ஹெல்த் எக்ஸ்ட்ரா', போடலாம். விபத்து ரைடர் தவிர வேறு ரைடர் இருந்தால் அதை மட்டும் வெட்டலாம். சர்க்கரை குறையட்டும் என்று ஆறு மாதம் தள்ளலாம். மறுக்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டு. மறுத்தால் கட்டிய டெபாசிட் திரும்பி வரும்.

மறுத்தாலும் பாலிசி பூஜ்ஜியம் ஆகாது. 40 தவணையில் 9 கட்டியிருக்கிறார். 10,00,000 × 9 ÷ 40 = 2,25,000. இது பெய்ட்-அப் தொகை (இனி பிரீமியம் கட்டாவிட்டாலும் பாலிசியில் நிற்கும் குறைந்த தொகை), அதுவரை சேர்ந்த போனஸ் தனி. இந்தப் பணம் இப்போதே அவருக்குப் பத்திரமாக இருக்கிறது. பொய் சொல்லி ரிவைவல் பண்ணி அது பிறகு ரத்தானால், வழக்கமாகக் குடும்பத்துக்கு மிஞ்சுவதும் இதே பெய்ட்-அப்தான். இடையில் கட்டிய பாக்கியும் வட்டியும் அலைச்சலும்தான் கூடுதல்.

---

வில்லியனூர் வாசகன்:

மணி சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் படிவத்தையும் டெஸ்ட்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எல்ஐசி என்றால் உடல்நல அறிக்கைப் படிவத்தின் எண் 680. மற்ற கம்பெனிகளில் பெயர் வேறு, கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். முக்கியமாகப் பார்க்க வேண்டியது 'நீங்கள் பாலிசி எடுத்ததிலிருந்து' என்று தொடங்கும் கேள்விகள். ஒரு வாரமோ அதற்கு மேலோ சிகிச்சை எடுத்த நோய் உண்டா, ஆபரேஷன் விபத்து உண்டா, ஈசிஜி எக்ஸ்ரே ரத்தம் சிறுநீர் பரிசோதனை செய்தீர்களா, வேறு இடத்தில் போட்ட பாலிசியோ ரிவைவலோ தள்ளிப்போடப்பட்டதா. பலர் முதல் கேள்விக்கு 'ஆம்' போட்டுவிட்டுப் பரிசோதனைக் கேள்விக்கு 'இல்லை' போட்டுவிடுவார்கள். டெஸ்ட் எடுக்காமல் சர்க்கரை எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டால் பதில் இருக்காது.

'ஆம்' என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அண்டர்ரைட்டர் (கம்பெனியில் ரிஸ்க்கை எடைபோட்டு முடிவு எடுப்பவர்) மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்வார். இப்படி எழுதலாம்:

"2024 டிசம்பரில் இரண்டாம் வகை நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. மெட்ஃபார்மின் 500 மி.கி. தினம் இருவேளை, அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒருவேளை. இன்சுலின் இல்லை. இந்தத் தேதியில் எடுத்த ஹெச்பிஏ1சி 7.4. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது இல்லை."

மாதம் உறுதியாகத் தெரியாவிட்டால் நோட்டைப் பார்த்து எழுதுங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். படிவத்தில் இடம் போதாது. தனித்தாளில் எழுதி, பாலிசி எண் போட்டுக் கையெழுத்திட்டு இணையுங்கள். 'இணைப்பு பார்க்க' என்று படிவத்திலும் குறிக்கணும், இல்லையென்றால் அந்தத் தாள் மேசையிலேயே தங்கிவிடும்.

மெடிக்கல் கேட்டால் கம்பெனியின் பேனல் டாக்டரிடம்தான் போகணும். புது பாலிசிக்குக் கம்பெனி செலவு, ரிவைவலுக்கு நம் செலவு. ஈசிஜி, வெறும் வயிற்று சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கிரியேட்டினின், சிறுநீர் என்று வரும். கேட்பதற்கு முன்னாலேயே கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து, கண் டாக்டரிடம் விழித்திரையும் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது. 7.4 தனியாகப் பார்த்தால் சந்தேகம் வரும். கிட்னி ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் அதே 7.4 வேறு மாதிரி தெரியும்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். டெஸ்ட்டுக்கு முந்தின நாலு நாள் மாத்திரையை இரட்டிப்பாக்கி, சோறே தின்னாமல் இருப்பார்கள். வெறும் வயிற்று அளவு இறங்கும். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி, அது நாலு நாளில் அசையாது. ஒன்று இறங்கி ஒன்று ஏறி நின்றால் டாக்டருக்குப் புரிந்துவிடும். நேரம் இருந்தால் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை, நடை, சோற்றைக் குறைத்து, பிறகு டெஸ்ட்டுக்குப் போகலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது. கட்டாமல் விட்ட முதல் தவணை 2023 செப்டம்பர், ரிவைவலுக்குக் கெடு அதிலிருந்து ஐந்து வருடம் என்றால் 2028 செப்டம்பர் வரை. யூலிப் (சந்தை முதலீட்டோடு இணைந்த) பாலிசி என்றால் மூன்றே வருடம்.

ஆனால் காத்திருக்கும் காலத்தில் முழுக் காப்பீடு கிடையாது, வட்டியும் அரையாண்டுக் கூட்டுவட்டியாக ஏறும். கடலுக்குப் போகிறவர் என்பதால் ரொம்பத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

ஜிப்மரில் பார்க்கிறவர்கள் ஓபி நோட்டுப் பிரதியையே கொடுத்துவிடலாம், தேதி மருந்து எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தனியார் கிளினிக் சீட்டு என்றால் பாதியில் தேதியே இருக்காது.

---

தேவனாம்பட்டினம்காரன்:

மிக்க நன்றி இருவருக்கும். இன்னும் இரண்டு சந்தேகம். ஏஜென்ட் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்டிருக்கிறார், "நான் பார்த்து நிரப்பிக்கிறேன்" என்கிறார். அவரே 'இல்லை' போட்டால் பொறுப்பு அவருடையதுதானே? இரண்டாவது, பணம் கட்டின அன்றே பாலிசி உயிர் வந்துடுமா?

---

மஞ்சக்குப்பம் மணி:

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போடவே வேண்டாம். பாலிசியை விற்றுப் பேசி முடிக்கிறவர், ஒப்பந்தம் உருவாகிற விஷயத்தில் கம்பெனியின் ஏஜென்ட்டாகக் கருதப்படுவார் என்று பிரிவு 45-இலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அதை வைத்து வாதாடலாம். ஆனால் 'ஏஜென்ட்டிடம் சொன்னோம்' என்பதற்கு உங்களிடம் சாட்சி என்ன? படிவத்தில் கையெழுத்து மச்சானுடையது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்து அவர் தமிழில் கையெழுத்து போட்டால், 'தமிழில் விளக்கிச் சொன்னேன், புரிந்து பதில் சொன்னார்' என்று நிரப்பியவர் தனியாக ஓர் உறுதிமொழி கொடுக்கணும். அந்த இடம் காலியாக இருக்கிறதா, யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிரப்பி முடித்த படிவத்தை எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். கிளையில் நேரில் கொடுத்து, பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். அந்த ஒரு சீல் பிற்காலத்தில் பத்து சாட்சிக்குச் சமம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. கட்டும் பணம் முதலில் டெபாசிட்டாகத்தான் நிற்கும். கம்பெனி ஏற்றுக்கொண்டு எழுத்தில் தெரிவித்த பிறகே ரிவைவல். ஹெல்த் எக்ஸ்ட்ரா போட்டால் சம்மதக் கடிதம் கேட்டு வரும், அதில் கையெழுத்துப் போட்டு வித்தியாசத் தொகையைக் கட்டணும். அந்தக் கடிதம் வீட்டில் கிடந்தால் பாலிசியும் அங்கேயே கிடக்கும். கையில் இருக்கும் ரசீதில் 'டெபாசிட்' என்று இருக்கிறதா 'பிரீமியம்' என்று இருக்கிறதா பாருங்கள். ரிவைவல் தேதியை எழுதி வாங்குங்கள்.

இதில் தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு தீர்ப்பு. 2011 ஏப்ரலில் தொடங்கிய பாலிசி, அந்த அக்டோபர் தவணை கட்டவில்லை. 2012 மார்ச் 6 விபத்து. 9-ஆம் தேதி பாக்கியைக் கட்டுகிறார்கள், விபத்தைச் சொல்லாமல். 21-ஆம் தேதி மரணம். அடிப்படைத் தொகை 3,75,000 கிடைத்தது. கூடுதல் விபத்துப் பலனுக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் 'விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இல்லை' என்று முடிந்தது. பாக்கியை விபத்துக்கு மூன்று நாள் கழித்துக் கட்டியதால் மட்டும் இல்லை, நடந்ததை மறைத்துக் கட்டியதையும் நீதிமன்றம் குறிப்பிட்டுச் சொன்னது.

---

கெடிலக்கரை:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. எல்லோரும் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். மறைத்த நோய்க்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் பணம் கிடைக்கும். 2015-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்தவர் மாரடைப்பில் இறந்தார், பணம் கொடுக்கச் சொன்னார்கள். சட்டத்திலும், ரிஸ்க்கோடு நேரடித் தொடர்பு இல்லாத தகவல் 'முக்கியத் தகவல்' ஆகாது, தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று கம்பெனிதான் காட்டணும் என்று இருக்கிறது.

---

மஞ்சக்குப்பம் மணி:

தீர்ப்பு சரிதான் கெடிலக்கரை. ஆனால் முதுகுவலிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தூரம், சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் இல்லையே. இதயம், கிட்னி, பக்கவாதம், ஆறாத புண் எதை எடுத்தாலும் சர்க்கரை பக்கத்தில் வந்து நிற்கும். அந்த வாதம் கைகொடுக்காத நோய் என்று ஒரு பட்டியல் போட்டால் முதலில் வருவதே சர்க்கரையும் பிரஷரும்தான். 2020-இல் ஹெபடைடிஸ் சி மறைத்த வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றதையும் பாருங்கள். ஏற்கெனவே மறைத்துவிட்டு மாட்டியவருக்கு உங்கள் வாதம் மருந்து. இனிமேல் படிவம் நிரப்பப் போகிறவருக்கு அது வேண்டாம்.

---

பாகூர் ஏரிக்கரை:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். 2024-இல் ஒரு பாலிசி இதே மாதிரி 'இல்லை' போட்டு ரிவைவல் ஆகிவிட்டது. அப்போதே பிரஷர் மாத்திரை இருந்தது. இப்போ என்ன பண்ணலாம்? பேசாமல் மூன்று வருடம் முடியும்வரை விட்டுவிடலாமா?

---

வில்லியனூர் வாசகன்:

விட்டுவிடலாம் என்பவர்கள்தான் அதிகம். சூதாட்டம் என்று தெரிந்தே செய்கிறார்கள். இடையில் ஏதாவது நடந்தால் பதில் சொல்லப்போவது வீட்டில் இருப்பவர்கள்.

செய்யக்கூடியது இது. கிளை மேலாளருக்கு ஒரு கடிதம்: இந்தத் தேதியில் கொடுத்த உடல்நல அறிக்கையில் இந்தக் கேள்விக்குப் பதில் தவறாகப் பதிவாகியுள்ளது, சரியான விவரம் இது, மருந்துச் சீட்டு இணைப்பு. ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து சீல் வாங்குங்கள். அவர்கள் எக்ஸ்ட்ரா போடலாம், ரிவைவலை மறுபரிசீலனை செய்யலாம். ரத்தாகும் ஆபத்தும் உண்டு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்துக்குப் பிறகு கம்பெனி தெரிந்தே பிரீமியம் வாங்கிக்கொண்டிருந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று பேச முடியாது. கம்பெனிக்கே தெரிந்த தகவல் என்றால் மோசடி என்று மறுக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

பிரஷர் மட்டும், ஒரே மாத்திரையில் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் சின்ன எக்ஸ்ட்ராவோடு முடியும் விஷயம்.

---

மஞ்சக்குப்பம் மணி:

சில துண்டு விஷயங்கள், விட்டுப்போனவை.

தாமதக் கட்டணச் சலுகை முகாம் வரும்போது ஏஜென்ட்கள் "மெடிக்கல் இல்லாமல் ரிவைவல்" என்று வாட்ஸப்பில் அனுப்புவார்கள். 2025 ஆகஸ்ட் 18 முதல் அக்டோபர் 17 வரை எல்ஐசி நடத்தியதில் தாமதக் கட்டணத்தில் 30 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் தள்ளுபடி. மருத்துவத் தேவைகளில் சலுகை கிடையாது என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அப்படி ஒரு முகாம் மறுபடி வந்தால் காசு மிச்சம், அவ்வளவுதான்.

கையில் பணம் இல்லை என்றால் கடன்-சேர்ந்த ரிவைவல் கேளுங்கள். பாலிசியின் மேலேயே கடன் எடுத்துப் பாக்கியை அடைப்பது. அதற்கும் 680 படிவம் உண்டு. 'ஸ்பெஷல் ரிவைவல்' என்று ஆரம்பத் தேதியை நகர்த்தும் முறை, சரண்டர் மதிப்பு (பாலிசியை முன்கூட்டியே முடித்தால் கிடைக்கும் பணம்) வந்துவிட்ட பாலிசிக்குப் பொருந்தாது. மச்சானுக்கு அது இல்லை.

எக்ஸ்ட்ரா ரொம்ப அதிகமாக வந்தால், 44 வயதில் புது பாலிசி என்ன விலை என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் பழையதே மலிவாக இருக்கும், ஏனென்றால் அது 2019 வயதுக்குப் போட்ட பிரீமியம்.

ரிவைவல் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டாலோ கிளெய்ம் நிராகரிக்கப்பட்டாலோ, முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதணும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை. கடலூருக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை தேனாம்பேட்டை அலுவலகம்தான். மாஹே கொச்சிக்கும் ஏனாம் ஹைதராபாத்துக்கும் போகும். ஒரே யூனியன் பிரதேசம், மூன்று ஊர்!

---

தேவனாம்பட்டினம்காரன்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கிரியேட்டினின், கண் டெஸ்ட் முதலில் எடுக்கிறோம். படிவத்தைக் கிளைக்கே போய் வாங்கி நாங்களே நிரப்புகிறோம். இனி விட்டுப்போகாமல் இருக்க மாதத் தவணையாக மாற்றினால் நல்லதா?

---

வில்லியனூர் வாசகன்:

அவருக்கு வேண்டாம். மாதத் தவணைக்குக் கருணைக்காலம் 15 நாள்தான், அரையாண்டுக்கும் ஆண்டுக்கும் 30 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஃபைபர் படகுக்குத் தடை இல்லாவிட்டாலும் துறைமுகத்தில் பணப்புழக்கம் அப்போது சுருங்கும், நவம்பர் டிசம்பரில் புயல் வேறு. வருடத்துக்குப் பன்னிரண்டு முறை தப்ப வேண்டியிருக்கும். இப்போ இருக்கும் மார்ச், செப்டம்பர் இரண்டுமே தடைக்காலத்துக்கும் மழைக்கும் வெளியே இருக்கிறது. வங்கியில் தானியங்கிப் பற்று கொடுத்துவிட்டு, மார்ச் முதல் வாரமும் செப்டம்பர் முதல் வாரமும் கணக்கில் பணம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.